காட்சி நான்கில் என் கிணறு

உ
சிவமயம்

நாவலடிப்புலம்,
புத்தூர்.
17.06.2025

நெல்லியடியில் வதியும், போன வெள்ளிக்கிழமை வரை சம்பந்தியார் என்று நான் உரிமையுடன் அழைத்துவந்த, இப்போது எப்படி அழைப்பதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்படி செய்துவிட்ட, மதிப்புக்குரிய திரு. பிரகலாதன் அவர்களுக்கு,

இளைப்பாறிய தபால் அதிபர் ஆழ்வாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி கனகாம்பிகையும் மகள் சாருஜாவும் பிள்ளையார் கிருபையால் உடம்பளவில் சுகம். மனதின் சுகத்தைப் பற்றி எழுதினால் கடிதம் பாரமாகி மேலதிக முத்திரை ஒட்ட வேண்டிவரும். தாங்களும் தங்கள் பாரியாரும் மகன் கோபிசங்கரும் நலமாயிருக்க வேண்டுகிறோம். கையில் தொலைபேசி இருக்கும்போது இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று தாங்கள் யோசிக்கக்கூடும். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் தங்கள் பாரியார், "அவர் தோட்டத்திலை நிக்கிறார் அண்ணை" என்றார். மூன்றாம் தரம் அவர் அப்படிச் சொல்லும்போது பின்னால் தாங்கள் தும்மியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. தும்மல் என்பது மனிதன் கையில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை தாங்கள் என் கைத்தொலைபேசிக்கு அனுப்பிய செய்தி வந்தது. "சீதனக் காணி விசயம் ஆறுதலாக் கதைப்பம். தாலிக்குப் பொன்னுருக்கிற நாளை இப்ப வைக்க வேண்டாம்." இவ்வளவுதான். முப்பத்துநான்கு வருடம் தபால் கந்தோரில் இருந்து தந்திகளை வாசித்தவன் நான். சொல் குறையக் குறையச் செய்தி பொல்லாதது என்பது எனக்குத் தெரியும். அதிலும் 'ஆறுதலா', அதாவது பிறகு மெதுவாக, என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் நடக்கப்போகும் காரியத்துக்குச் சொல்வதில்லை. நான் அப்படியே கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன். கதிரை அங்கே இருந்தது பிள்ளையார் செயல். கனகாம்பிகை ஓடிவந்து, "என்ன, ஆரேன் செத்துப்போட்டினமோ?" என்று கேட்டாள். தொலைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்துவிட்டு, அலுமாரிக்கு மேலே கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, இருபத்துமூன்றாம் பக்கத்தை விரித்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆம், அந்தப் புத்தகம்தான். அதைத் தாங்களும் பார்த்துவிட்டீர்கள் என்பது விளங்குகிறது. என் ஒரே மகளின் கலியாணம் இப்போது அந்தப் புத்தகத்தின் இருபத்துமூன்றாம் பக்கத்தில் வந்து இறுகி நிற்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி தங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. வாசித்து முடித்த பிறகு தாங்கள் என்னை ஏசினாலும் பரவாயில்லை. என் கிணற்றை மட்டும் ஏசாதீர்கள்.

இந்தத் தை மாதம், எங்கள் ஊருக்கு 2050 வரைக்கும் நீண்டகால வளர்ச்சித் திட்டம் போடப்போகிறார்கள் என்று வாசிகசாலைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். 'நாவலடிப்புலத்தின் எதிர்காலம்: நான்கு காட்சிகள். அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காட்சி என்று கண்டால் எங்கள் சனம் என்ன நினைக்கும்? பக்கத்து வளவு சுபாஸ், கமக்காரர் சங்கத் தலைவர், பெண்சாதி பிள்ளைகளோடு பாயும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கச்சான் கடலை வறுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வந்து பார்த்தால் மேடையும் இல்லை, திரையும் இல்லை. மடிக்கணினியோடு ஒரு பிள்ளை நிற்கிறாள். பெயர் டிலக்ஷி, திட்டமிடல் உத்தியோகத்தர், சொந்த இடம் மட்டக்களப்பு. நல்ல பிள்ளை. பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"நாளைக்கு என்ன நடக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது ஐயா. அதால ஒரு எதிர்காலத்தை மட்டும் நம்பித் திட்டம் போட்டா அது பிழைச்சிரும். நடக்கக்கூடிய நாலு விதத்தையும் இப்பவே யோசிச்சு வைப்பம். நாலிலயும் உதவுற வேலை எதுவோ அதை முதல்ல செய்வம்."

சுபாஸ் எழும்பினார். "சரி பிள்ளை. நாலிலை எது நடக்கும்?"

"அது தெரியாது ஐயா."

"தெரியாததை ஏன் மைக் வைச்சுச் சொல்லுறியள்?"

சனம் சிரித்தது. பாயைச் சுருட்டப் பார்த்தவர்களை மறிக்க அந்தப் பிள்ளை கெதியாக நிற அட்டைகளைக் கொடுத்து எங்களை நான்கு குழுவாகப் பிரித்தாள். வெள்ளை அட்டைக்காரர் எல்லாம் இருக்கிறபடியே இருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும். மஞ்சள் அட்டைக்காரர் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடி, விமானமும் கூடுதலாக வந்து, றோட்டு அகண்டு, தங்குமிட விடுதிகள் எழும்பினால் எப்படி என்று எழுத வேண்டும். பச்சைக்காரருக்கு வயலும் கமமும் செழித்த காட்சி. சிவப்பு அட்டை ஆகப் பாதகமான காட்சிக்கு. கிணறுகள் உவராகிச் சனம் ஊரை விட்டுப் போவது. எனக்குக் கிடைத்தது சிவப்பு. தலைவிதி என்று அப்போது நான் நினைக்கவில்லை, சம்பந்தியார். எனக்குச் சந்தோஷத்தில் சரியான புழுகமாக இருந்தது. பென்சன் எடுத்து எட்டு வருடத்தில் எழுதச் சொல்லி என்னிடம் ஒருவர் தாள் தந்தது அதுதான் முதல் தடவை.

தாங்கள் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். முப்பத்துநான்கு வருடம் இந்தப் பகுதிக்கு வந்த கெட்ட செய்தி எல்லாம் என் கையால்தான் போனது. எந்தச் சொல்லை முதலில் வைத்தால் நெஞ்சு பிடிக்கும், எதைக் கடைசியில் வைத்தால் அழுகை வரும் என்பது எனக்குப் பழக்கம். எழுதினேன். 2029, மழை பிந்தும். 2031, ஆழ்துளைக் கிணறு பெருகும், நன்னீர் இறங்கும், கடல்நீர் ஏறும். 2033, முதல் கிணறு உவர்க்கும். 2036, வெங்காயம் பட்டுப்போகும். 2038, ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை. எட்டிப் பார்த்த டிலக்ஷி, "நல்லாயிருக்கு ஐயா. ஆனா பொதுவா எழுதினா மனசில பிடிக்காது. ஒரு வளவைக் காட்டி எழுதினா நல்லம்" என்றாள். யாருடைய வளவைக் காட்டுவது? சுபாசின் வளவை எழுதினால் அடுத்த நாளே எல்லை வேலி ஒரு முழம் இந்தப் பக்கம் வரும். மற்றவரின் காணிக்குக் கெடுதல் எழுதும் வழக்கம் என் பரம்பரையில் இல்லை. அதனால், 'உதாரணமாக, இளைப்பாறிய தபால் அதிபர் ஆழ்வாப்பிள்ளையின் ஏழு பரப்பு வளவும் அதிலுள்ள நல்லதண்ணீர்க் கிணறும்' என்று என்னுடையதையே எழுதினேன். இதில் என் பெருந்தன்மையைத் தாங்கள் கவனிக்க வேண்டும். வேறு எவரும் கவனிக்கவில்லை.

நான் வாசித்து முடித்தபோது மண்டபத்தில் கச்சான் கொறிக்கும் சத்தம்கூட இல்லை. இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எழும்பிய கைதட்டலில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கனகாம்பிகை மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒழுங்கை முழுக்க அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்: "உங்களுக்கென்ன விசரே? பெட்டைக்குக் குடுக்கிற காணியை உங்கடை வாயாலையே உவராக்கிப்போட்டியள். இனி ஆர் அந்தத் தண்ணியைக் குடிக்கப்போகினம்?" நான் அவளுக்குத் திட்டமிடல் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு அது அப்போது அவ்வளவாக விளங்கியிருக்கவில்லை.

சித்திரையில் படம் எடுக்க ஒருவர் வந்தார். வாசல் படலைக்கு முன்னால் என்னை நிற்கச் சொல்லி, "கொஞ்சம் சிரியுங்கோ ஐயா" என்றார். சிரித்தேன். வைகாசியில் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், நாற்பது பக்கம், வீட்டுக்கு ஒன்று. ஆசையோடு புரட்டிக்கொண்டு போனவன் இருபத்துமூன்றாம் பக்கத்தில் நின்றேன். மேலே ஊர் வரைபடம், அதில் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சிவப்பு. கீழே என் வீடு. அதன் கீழே சின்ன எழுத்தில், 'கைவிடப்பட்ட வீடுகளில் ஒன்று, 2038'. கைவிடப்பட்ட அந்த வீட்டின் வாசலில், புதுச் சேட்டும் போட்டுக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான் நிற்கிறேன். கைவிடப்பட்ட வீட்டின் கொடியில் கனகாம்பிகையின் நீலச் சேலை காய்கிறது. அந்தச் சேலையைப் பார்த்தாவது அங்கே சனம் குடியிருக்கிறது என்று தாங்கள் ஊகித்திருக்கலாம். ஆனால் ஊகிக்க யாருக்கு மனம் வரும்? நானே ஒரு கணம், ஐயோ, இந்த மனிசன் தனிச்சுப் போனாரே என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

ஊரில் மற்றவர்களுக்கு என் சிரிப்பு கண்ணில் படவில்லை. நிறம்தான் பட்டது. வரைபடத்தில் நிறம் தீட்டினால் காணி போகும் என்பது எங்கள் சனம் பட்டு அறிந்த விஷயம். கனகாம்பிகையின் தமையன் குடும்பம் காங்கேசன்துறைப் பக்கத்தில் இருந்தது. யாரோ எங்கேயோ இருந்து வரைபடத்தில் ஒரு கோடு கீறினார்கள், இருபத்தேழு வருடம் அவர்களால் தங்கள் படலையைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது படலை இருந்தது, வீடு இல்லை. அப்படிப்பட்ட சனத்திடம் போய், 'இது சும்மா யோசனைதான்' என்று நிறம் தீட்டிய தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்று பின்னேரமே ஊர் முழுக்க அலுமாரிகள் திறந்தன. காணி உறுதிகள் வெளியே வந்தன. சந்தைக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம், "உங்கடை எந்தக் கலர்?" என்றுதான் கேட்டான். சுபாசின் வீடு மஞ்சள். இரண்டாம் காட்சியில் அகண்ட றோட்டு அவர் அடுப்பெரியும் குசினிக்குள்ளால் போகிறது. மனிதர் புத்தகத்தோடு என் படலைக்கு வந்து, "அண்ணை, எனக்கு எப்ப அறிவித்தல் வரும்?" என்று கேட்கிறார். சுபாஸ், உது நடக்கலாம் என்ற ஒரு நினைப்புத்தான், நடக்கப்போவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "நடக்காததுக்கு ஏன் அண்ணை கலர் அடிக்கிறாங்கள்?" என்றார்.

அடுத்தது என் கிணறு. அதைப் பார்க்க வரும் சனத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும். சுகம் விசாரிக்க வருவதுபோல் வருகிறார்கள், இருக்கிறார்கள், "ஒரு மிடறு தண்ணி தாங்கோவன்" என்கிறார்கள். கனகாம்பிகை செம்பில் கொடுக்கிறாள். வாய்க்குள் வைத்து அப்படியும் இப்படியும் உருட்டிவிட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஒரு மாதிரித்தான் கிடக்கு" என்கிறார்கள். போன கிழமை வந்த ஒருவர் உப்பு என்று அடித்துச் சொன்னார். வரும் வழியில் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பது வருடமாக நான் குடிக்கும் தண்ணீர், சம்பந்தியார்! இப்போது நானே ஒவ்வொரு விடியலும் முதல் மிடறை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்கப் பயந்து நிற்கிறேன். என்ன கோதாரியோ தெரியாது, சில நாளில் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் டிலக்ஷி, புத்தகத்தைப் பற்றி ஊர்ச் சனத்தின் கருத்தைக் கேட்க வந்தாள். கூட்டத்தைக் கோவில் மண்டபத்தில் வைப்போம் என்று சுபாஸ் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை வந்து பார்க்கிறாள், பிள்ளையாருக்கு முன்னால் தட்டத்தில் வாழையிலைத் துண்டில் மடித்து நூல் கட்டிய நாலு பொட்டலம். சனத்துக்குத் திருப்பியும் அதே கேள்விதான், நாலில் எது? மனிதருக்குத் தெரியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்போம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். முதலாம் காட்சிக்கு நந்தியாவட்டை, இரண்டாவதற்கு மஞ்சள் அலரி, மூன்றாவதற்கு அறுகம்புல், நான்காவதற்குச் செவ்வரத்தை. டிலக்ஷியின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, இது நடக்கப்போறதைக் கண்டுபிடிக்கிற வேலையில்ல. நாலுக்கும் ஆயத்தமா இருக்கிறதுதான் இதிட நோக்கம்."

"நாலுக்கும் ஆயத்தமா இருக்க எங்களாலை ஏலாது பிள்ளை," என்றார் சுபாஸ். "ஒண்டைச் சொன்னால் அதுக்கு ஆயத்தமா இருப்பம்."

பொட்டலத்தை எடுப்பது யார் என்று அடுத்த பிரச்சினை. காணி இல்லாத ஒருவர்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சார்பு. எங்கள் ஊரில் காணி இல்லாதவர் யார்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் பங்கு எழுதியாயிற்று. எல்லாரும் டிலக்ஷியைப் பார்த்தார்கள். "எனக்கு மட்டக்களப்பிலயும் காணியில்ல, வாடகை வீடுதான்" என்று அவள் வெகுளியாகச் சொன்னாள். சனத்துக்குப் பெரிய திருப்தி. ஐயர் மணியை அடித்தார். அந்தப் பிள்ளை கண்ணை மூடி, என்னைக் காப்பாற்று என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் செவ்வரத்தை.

ஐயரின் கையில் இருந்த மணி ஒருதரம் தானாகக் கிணுங்கியது. சனம் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. ஒன்றாகத் திரும்பி என்னைத்தான் பார்த்தது. "பிள்ளையார் என்ன செய்வார்? ஆழ்வாப்பிள்ளை அண்ணை எழுதி வைச்சதைத்தானே அவரும் எடுக்கலாம்!" என்று சுபாஸ் சொல்ல, எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். என் மகளின் வாழ்க்கை அந்தப் பூவில் கிடக்கிறது. அந்த அந்தரத்தில்தான் அதைக் கண்டேன். பொட்டலம் அவளுடைய இடக்கையில் இருந்தது! "இடக்கை! இடக்கையாலை எடுத்தவ!" என்று கத்தினேன். தபால் கந்தோரில் எப்போதும் மெதுவாகக் கதைத்துப் பழகிய என் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது எனக்கே அதிர்ச்சி.

"நான் இடக்கைதான் ஐயா பழக்கம், எழுதுறதும் இடக்கையாலதான்" என்று அந்தப் பிள்ளை அழாக்குறையாகச் சொன்னாள். ஐயர் யோசித்துவிட்டு, இடக்கையால் எடுத்தது செல்லாது என்றார். எனக்கு உயிர் வந்தது. பொட்டலங்களைத் திரும்பக் கட்டிக் குலுக்கி வைத்தார்கள். "மறுகாவும் எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் வலக்கையால் எடுத்தாள். மஞ்சள் அலரி. இரண்டாம் காட்சி. அதாவது சுபாசின் குசினி. மனிதர் ஒரு கணம் ஆடிப்போனார். அடுத்த கணம் துள்ளி எழும்பினார். "எழுதுற கையெல்லோ சொந்தக் கை! பழகின கையாலை எடுத்ததுதான் செல்லும்! முதல் பூத்தான் சரி!" என்றார். அன்றைய நாளில் இருந்து ஊரில் இரண்டு கட்சி, சம்பந்தியார். இடக்கைக்காரர், வலக்கைக்காரர். கூட்டுறவுச் சங்கக் கடையில் வெவ்வேறு வரிசை. நான் வலக்கைக் கட்சித் தலைவனாம், எனக்கே பிறகுதான் சொன்னார்கள். டிலக்ஷி போகும்போது தன் கொப்பியில், 'சமூகப் பங்கேற்பு: எதிர்பார்த்ததை விட அதிகம்' என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

இப்போது நான் சொல்லவந்தது. அந்தப் புத்தகத்தின் முப்பத்தாறாம் பக்கத்தைத் தாங்கள் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் படமும் இல்லை, நிறமும் இல்லை. நானும் போன கிழமைதான் வாசித்தேன், அதுவும் நித்திரை வராத ஒரு மத்தியானம். நான்கு காட்சியில் எது நடந்தாலும் உதவக்கூடிய வேலைகள் என்று மூன்றை அங்கே போட்டிருக்கிறார்கள். குளத்தைத் தூர்வாருவது, கிணற்றுக்குப் பக்கத்தில் மழைநீர் இறங்கக் குழி வெட்டுவது, ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்துவது. அவ்வளவுதான். இந்த மூன்றையும் சொல்லத்தான் அந்த நாற்பது பக்கமும். காட்சி நான்கு நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் காட்சி நான்கை எழுதுவது. இதை ஊரில் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. தாங்கள் படித்தவர், தங்களுக்கு விளங்கும். நான் இரண்டு நாளாக மண்வெட்டியை எடுத்துக் கிணற்றடியில் குழி வெட்டுகிறேன். இரண்டு அடி இறங்கிவிட்டேன், இடுப்பு நிமிர்கிறது இல்லை. தை மாதம் எழுதியதற்குப் பதிலாக அதை வெட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது.

சாருஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வவுனியாவில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளை, இப்போது லீவில் வந்து நிற்கிறாள். இதற்கு முன்னர் இரண்டு சம்பந்தம் வந்து, ஒன்று சாதகத்தில் நின்றது, மற்றது மாப்பிள்ளை வெளிநாடு போனதில் நின்றது. தங்கள் மகனைப் பேசிய பிறகுதான் அவள் தொலைபேசியில் சிரிப்பதைக் கேட்டோம். தங்கள் செய்தி வந்த நாளில் இருந்து அவள் எங்களோடு அதிகம் கதைப்பதில்லை. அழுவதும் இல்லை. சாப்பிடுகிறாள், கிணற்றடிக்குப் போய்த் தொலைபேசியோடு நிற்கிறாள், வருகிறாள். அழுதால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். இந்த மௌனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கைக்கு எழுத்து வந்ததே என்ற புழுகத்தில் என் பிள்ளையின் வாழ்வில் நானே மண் அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் கனகாம்பிகையிடம்கூடச் சொல்லவில்லை, தங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே சம்பந்தியார் அவர்களே, அந்த ஏழு பரப்பையும் தாங்கள் மறுக்கக்கூடாது. அதை மதிலும் கட்டி, குழியும் வெட்டி, மகளின் பெயரில் உறுதி முடித்துத் தருகிறேன். போதாது என்றால் கிழக்கே கிடக்கும் மூன்று பரப்புப் பனங்காணியையும் சேர்க்கிறேன். அது எந்தக் காட்சியிலும் எந்த நிறமும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது, நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். என் சொல்லில் நம்பிக்கை இல்லாவிட்டால், இக்கடிதத்தோடு இன்று காலை அள்ளிய கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் அனுப்புகிறேன். தயவுசெய்து கருவாடு சாப்பிடாத நேரமாகப் பார்த்துக் குடித்துவிட்டு, மனச்சாட்சிப்படி ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசியில் சொல்லுங்கள். நான் தோட்டத்தில் நிற்கமாட்டேன், வீட்டில்தான் நிற்பேன்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், தம்பி கோபிசங்கருக்கு நானும் கனகாம்பிகையும் மனமார வைக்கும் ஆசீர்வாதமும். தங்கள் வீட்டு மாடு கன்று, தோட்டம் துரவு எல்லாம் செழிக்கட்டும். தங்கள் கிணறும் இனிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மறுமொழியைத் தவிர வேறொன்றையும் எதிர்பாராத,
ஆ. ஆழ்வாப்பிள்ளை
(இளைப்பாறிய தபால் அதிபர்)

பி.கு.: மேலே எழுதியது ஒன்றையும் தயவுசெய்து வாசிக்க வேண்டாம். கடித உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தங்கள் மகன். ஆள் நல்ல வெய்யிலில் வந்திருக்கிறார், தண்ணீர் கேட்டார். எனக்கு வந்த பதற்றத்தில், தங்களுக்கென்று வைத்திருந்த போத்தலையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி மாமா" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "இதை அப்பாவிட்டைச் சொல்லுங்கோ தம்பி, இந்த ஒரு சொல் போதும்" என்றேன். அவர் சாருஜாவைப் பார்த்தார். சாருஜா வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, எங்களுக்குக் காணி வேண்டாம். ரெண்டு பேருக்கும் வேலை வவுனியாவிலை. அங்கை வாடகைக்கு ஒரு வீடு பாத்திட்டம். நீங்களும் அம்மாவும் இருக்கிற வீட்டை எழுதி வாங்கிப் பூட்டி வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?"

"எப்ப பிள்ளை உந்த முடிவு எடுத்தனீங்கள்?"

"சித்திரை வருசத்துக்கு முதலே" என்றார் தங்கள் மகன். "உங்கடை புத்தகத்தை நான் இன்னும் பாக்கவே இல்லை மாமா."

சம்பந்தியார், சீதனம் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை கிடைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டியவன் நான். உப்பென்று நினைத்துத் தாங்கள் தட்டிக்கழித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல தண்ணீர் என்று குடித்துவிட்டு அவர் வேண்டாம் என்றபோது கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான். கனகாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவருக்குப் புட்டு அவிக்கிறாள்.

காணியைப் பற்றித் தாங்களும் நானும் இனிச் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை, ஒருவருக்கும் அது தேவையில்லையாம். நாங்கள் முன்னர் பேசி வைத்த அதே நாளில், ஆவணி மூன்றாம் திகதி காலை, பொன்னுருக்கு தங்கள் வீட்டில் நடக்கிறது. தாலி செய்யும் ஆசாரியாருக்குப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். தங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பை மட்டும் என்னிடம் தந்திருக்கிறார்கள். தாங்கள் குளித்து வேட்டி உடுத்து ஆயத்தமாக இருந்தால் போதுமாம். நானும் வரலாம் என்றார்கள்.